ஏ.ஆர். காப்பியில் தொடங்கும் வழக்கு: விபத்து, மருத்துவ அலட்சிய வழக்குகளை நடத்த வரும் இளம் வழக்கறிஞர்களுக்கு

தமிழ்நாட்டின் எந்த மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குப் போனாலும் "எம்.சி.ஓ.பி. வக்கீல்" என்று நாலைந்து பேரைக் கை காட்டுவார்கள். மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக்களை நடத்துகிறவர்கள். அவர்களில் சிலர்தான் ஆஸ்பத்திரிகள் மீதான வழக்குகளையும் நுகர்வோர் ஆணையத்தில் எடுத்து நடத்துவார்கள். இரண்டு வேலைக்கும் அடிப்படை ஒன்றே. உடம்புக்கு நேர்ந்த சேதத்தை ரூபாயாகக் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை மருத்துவமனைக் காகிதங்களைக் கொண்டே நிரூபிக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் கணீரென்று பேச வருமென்று நம்பி இந்தப் பக்கம் வரும் ஜூனியர்கள் சீக்கிரமே சலித்துப்போகிறார்கள். இங்கே ஜூரி கிடையாது. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் முதல் விசாரணையே (தன் தரப்புச் சாட்சி சொல்வது) பிரமாணப் பத்திரமாகத்தான் தாக்கலாகிறது. நுகர்வோர் ஆணையத்தில் பெரும்பாலும் சாட்சிக்கூண்டுக்கே வேலையில்லை. புரியாத கையெழுத்தில் இருக்கும் கேஸ் ஷீட்டை (சிகிச்சைப் பதிவுகளை) வரிவரியாக உட்கார்ந்து படிக்கும் பொறுமை யாருக்கு இருக்கிறதோ, அவருக்குத்தான் இந்தத் தொழில் சோறு போடும்.

முதல் காகிதம்

அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்ததும் பணியிலிருக்கும் மருத்துவர் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் எழுதும் பக்கம்தான் ஏ.ஆர். காப்பி. யார் கொண்டுவந்தார், எத்தனை மணிக்கு, விபத்து எங்கே எப்படி நடந்ததாகச் சொல்லப்பட்டது, நினைவு இருந்ததா, மது வாடை இருந்ததா, என்னென்ன காயம் என எல்லாம் அதில் இருக்கும். கட்சிக்காரர் உங்களைத் தேடி வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே இது எழுதி முடிந்துவிட்டது. அதனால் வக்காலத்தில் கையெழுத்து வாங்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

மனுவைக் கவிழ்க்கும் வரி ஒன்று இதில் அடிக்கடி இருக்கும்: "பைக்கிலிருந்து தானாக விழுந்ததாக". எப்.ஐ.ஆரில் கார் மோதியதாக இருக்கும், ஏ.ஆரில் தானாக விழுந்ததாக இருக்கும். எப்.ஐ.ஆர். ஐந்து நாள் தாமதம் வேறு. காப்பீட்டு நிறுவனத்தின் ஸ்டாண்டிங் கவுன்சில் (அதன் நிரந்தர வழக்கறிஞர்) குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே இதுதான் கேட்பார்.

இப்படி எழுதப்படக் காரணங்கள் உண்டு. தூக்கிக்கொண்டு வந்தவர் மோதலைப் பார்த்திருக்கமாட்டார். சாலையில் கிடந்தவரை ஆட்டோவில் ஏற்றியவராக இருப்பார். போலீஸ் கேஸ் வேண்டாமென்று குடும்பமே அப்படிச் சொல்லியிருக்கும். சில தனியார் மருத்துவமனைகள், போலீசுக்குத் தகவல் அனுப்பும் வேலையைத் தவிர்க்க அப்படி எழுதிக்கொள்ளும். எந்தக் காரணமென்று முதல் நாளே தெரிந்துகொண்டு, மனுவிலேயே அதை விளக்கிவிடுவது நல்லது. குறுக்கு விசாரணையில் அகப்பட்ட பிறகு சொல்லும் விளக்கத்துக்கு மதிப்பில்லை. 108 ஆம்புலன்ஸ் வந்திருந்தால் அதன் ஊழியர் எழுதிய நோயாளிப் பதிவேட்டை வரவழையுங்கள். அழைப்பு வந்த நேரம், ஏற்றிய இடம் இரண்டும் அதில் இருக்கும். ஏ.ஆர். எழுதிய மருத்துவரைக் கூண்டிலேற்றி, அந்த வரியைச் சொன்னது நோயாளியா, கூட வந்தவரா என்ற ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிவிட்டால் பாதி பாரம் இறங்கும்.

எப்.ஐ.ஆரில் "அடையாளம் தெரியாத வாகனம்" என்று இருந்து, ஒரு மாதம் கழித்து எங்கிருந்தோ ஒரு வண்டி எண் முளைத்து வந்தால், எவ்வளவு ஏழைக் குடும்பமானாலும் நிதானியுங்கள். சம்பந்தமில்லாத வண்டியை "நட்டுவைக்கும்" வேலை பல மாநிலங்களில் நடக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் போலி மோட்டார் விபத்து மனுக்களை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்கப்பட்டு, வழக்கறிஞர்கள் மீதும் நடவடிக்கை பாய்ந்தது. வண்டி உண்மையிலேயே தெரியவில்லையென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவில் நேர்மையான வழி இருக்கிறது: மோதிவிட்டு நிற்காமல் போன வாகனத்தால் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. தொகை சிறியது, ஆனால் கை சுடாது.

அடுத்து வாங்க வேண்டியவை: ரஃப் ஸ்கெட்ச் (விபத்து இடத்தின் வரைபடம்), பார்வை மகஜர் (அந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, வூண்ட் சர்ட்டிபிகேட் (காயச் சான்று) அல்லது பிரேதப் பரிசோதனைச் சான்று, குற்றப்பத்திரிகை, ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி நகல். ஆய்வாளர் அறிக்கையை எல்லோரும் "இயந்திரக் கோளாறு இல்லை" என்ற கடைசி வரிக்காக மட்டும் புரட்டுகிறார்கள். எந்த வண்டியில் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்ற பகுதியை ஸ்கெட்சோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காரின் இடது முன்மூலையும் பைக்கின் பின்பக்கமும் நசுங்கியிருந்தால், எதிரே வந்து மோதியதாகச் சொல்லும் டிரைவரின் வாதம் அங்கேயே நொறுங்கிவிடும்.

ஆறு மாதமும் பாலிசியும்

மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019இல் வந்த திருத்தத்தில், மனுவுக்குக் கெடு வைக்கும் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது 166(3). அதற்கு முன்பு 1994 முதல் கால வரம்பே இல்லாமல் இருந்ததால், பழைய வக்கீல்களுக்குக்கூட "குற்றப்பத்திரிகை வரட்டும், பார்ப்போம்" என்ற பழக்கம் போகவில்லை. இந்த வரம்பை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன என்பதை நம்பிக் காத்திருக்காதீர்கள். எப்.ஐ.ஆரும் ஏ.ஆரும் கையில் இருந்தால் மனுவைப் போட்டுவிடுங்கள்; மற்ற ஆவணங்கள் பின்னால் வரட்டும். காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும் 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 விதிகள் சொல்கின்றன. அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. நடைமுறையில் அதை நம்பி மனுவைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை. கட்சிக்காரர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். திண்டிவனம் அருகே அடிபட்ட தென்காசிக்காரரை விழுப்புரத்துக்கு வாய்தா வாய்தாவாக அலையவிடும் வக்கீல், தன் வசதியைத்தான் பார்க்கிறார்.

பாலிசியைப் படிப்பது தனிக் கலை. தேதியை மட்டும் பார்த்தால் போதாது, தொடங்கும் மணியையும் பார்க்க வேண்டும். காலையில் விபத்து, மாலையில் புதுப்பித்த பாலிசி என்ற கதை நிறைய உண்டு. வெறும் ஆக்ட் பாலிசியென்றால் (சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்) பைக்கின் பின்னால் அமர்ந்தவருக்கு, அந்த பைக்கின் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது. திலக் சிங் தீர்ப்பு (2006) இதைச் சொல்கிறது. எதிர் வண்டியின் மீது தவறு காட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். கோயில் திருவிழாவுக்கோ துக்க வீட்டுக்கோ லோடு ஆட்டோவிலும் டிராக்டர் டிரெய்லரிலும் கூட்டமாகப் போய்க் கவிழும் வழக்குகள்தான் நம் ஊரில் மிகக் கொடுமையானவை. சரக்கு வாகனத்தில் ஏறிய பயணிக்குக் காப்பீடு கிடையாது என்பது ஆஷா ராணி தீர்ப்பிலிருந்து நிலைத்த சட்டம். சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ கூடப் போனால் மட்டும் விலக்கு. பத்துப் பேர் இறந்த குடும்பங்களிடம் "தீர்ப்பு கிடைக்கும், ஆனால் வண்டிக்காரரிடம்தான் வசூலிக்க வேண்டியிருக்கும்" என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லத் தயங்கினால் பிறகு உங்கள் மேல்தான் வருத்தம் திரும்பும்.

லைசென்ஸ் தகராறு வேறு மாதிரி. லைசென்ஸ் இல்லை, காலாவதி என்றால் நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவிடும் வழக்கம் ஸ்வரண் சிங் தீர்ப்பு (2004) வழியாக வந்தது. இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு சொன்னபின், டாடா ஏஸ் போன்ற சிறு வண்டி வழக்குகளில் "பேட்ஜ் (போக்குவரத்து வாகனம் ஓட்டத் தனி அனுமதி) இல்லை" என்ற எதிர்வாதம் செத்துவிட்டது. பழைய எதிருரை மாதிரியை அப்படியே அச்சடித்துத் தாக்கல் செய்யும் கவுன்சில்கள் இன்னும் எழுதத்தான் செய்கிறார்கள்.

சொந்த வண்டியில் தானே விழுந்தவரும் வருவார். அவருக்கு 166இல் வழியில்லை, ஏனென்றால் அவர்மீது அவரே வழக்குப் போட முடியாது. நண்பனின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டியவரும் உரிமையாளரின் இடத்தில்தான் நிற்கிறார் என்கிறது நிங்கம்மா தீர்ப்பு (2009). ஆனால் உரிமையாளரே ஓட்டியிருந்து இறந்தால், உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் 15 லட்சம் கிடைக்கலாம். லைசென்ஸ் செல்லத்தக்கதா, அந்தப் பிரிமியம் கட்டியிருக்கிறதா என்று பாலிசியில் பாருங்கள். இது ஒப்பந்தப்படி வரும் பணம். நிறுவனத்திடம் கேட்டு, தராவிட்டால் நுகர்வோர் ஆணையம். இதைத் தெரியாமல் "கேஸ் இல்லை" என்று திருப்பியனுப்பப்பட்ட விதவைகள் பலர்.

கணக்கு

சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017). இந்த இரண்டு தீர்ப்புகளின் அட்டவணை மனப்பாடமாக வேண்டும். 34 வயதுக் கொத்தனார் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நாலு பேர் சார்ந்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பாயம் மாத வருமானம் 15,000 என்று எடுக்கிறது. 40 வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் சேர்த்தால் 21,000. சார்ந்தவர்கள் நாலு முதல் ஆறு பேர் என்பதால் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. 31 முதல் 35 வயது வரை பெருக்கி (ஆண்டு இழப்பைப் பெருக்க வயதுவாரியாகத் தரப்பட்ட எண், மல்டிப்ளையர்) 16. ஆக, 30,24,000. இதன்மேல் கணவனை, தகப்பனை, மகனை இழந்ததற்கான தொகை தலைக்கு 40,000. சொத்திழப்புக்கும் ஈமச்சடங்குக்கும் தலா 15,000. இவை மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏறும் என்று பிரணய் சேத்தியே சொல்லியிருப்பதால் 2020இல் 44,000, 16,500 ஆகி, 2023 நவம்பர் முதல் 48,400, 18,150 ஆயின. பழைய தொகையையே போட்டுத் தீர்ப்பு வந்தால் மேல்முறையீட்டில் அதுவும் ஒரு காரணம்.

இந்தக் கணக்கில் எங்கே உழைக்க வேண்டும் என்று பாருங்கள். அதே குடும்பத்தில் மாத வருமானம் ஓராயிரம் கூடினால் இழப்பீடு 2,01,600 கூடுகிறது. அதனால் வருமானச் சான்றுக்காக அலைவதுதான் இந்த வழக்கின் உண்மையான உழைப்பு. கொத்தனாருக்கு சம்பளச் சீட்டு ஏது? கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை தொழிலை நிரூபிக்கும். மேஸ்திரியின் கூலி நோட்டு, வங்கிக் கணக்கில் வாராவாரம் விழுந்த தொகை, மகளிர் குழுக் கடனுக்குக் கட்டிய தவணை, வண்டிக் கடன் தவணை, இவை வருமானத்தை மறைமுகமாகக் காட்டும். எதுவுமே இல்லையென்றால், ஒரு காய்கறி வியாபாரிக்குச் சான்றில்லாமலே மாதம் 6,500 எடுத்த சையது சாதிக் தீர்ப்பை (2014) காட்டுவோம். அது 2008 விபத்து. விலைவாசி ஏறியதைச் சொல்லி அதிலிருந்து மேலே கொண்டுபோக வேண்டும். முதலாளியைச் சாட்சியாக அழைத்தால் சம்பளப் பதிவேட்டோடுதான் அழைக்க வேண்டும். வெற்று லெட்டர்பேடில் "மாதம் 30,000 கொடுத்தேன்" என்று எழுதிக்கொண்டு வருகிறவர், "வருமான வரிக் கணக்கில் காட்டினீர்களா?" என்ற ஒரே கேள்வியில் உங்கள் வழக்கையும் சேர்த்துக் கீழே இறக்கிவிடுவார்.

வயதிலும் அப்படித்தான். 35 முடிந்து 36 ஆகிவிட்டால் பெருக்கி 15. மேலே சொன்ன கணக்கில் 1,89,000 போய்விடும். ஆதார் அட்டை வயதுக்குச் சான்றாகாது, பள்ளி மாற்றுச் சான்றிதழே மேல் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆதாரில் ஜனவரி 1 என்று குத்துமதிப்பாகப் பிறந்தநாள் போட்ட கட்சிக்காரர்கள் ஏராளம் என்பதால், டி.சி.யைத் தேடி அவர் படித்த பள்ளிக்கே ஆளனுப்புங்கள்.

காய வழக்கு இன்னும் நுட்பமானது. மெடிக்கல் போர்டு "45 சதவீதம்" என்று சான்று தந்தால், அது காலுக்கா முழு உடம்புக்கா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு, அந்த ஊனம் அவருடைய பிழைப்பை எவ்வளவு பாதித்தது என்பது வேறு கேள்வி. ராஜ்குமார் எதிர் அஜய்குமார், (2011) 1 எஸ்.சி.சி. (உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பு) 343, இதற்குப் பாடப்புத்தகம்: ஒரு கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போய்விடலாம், குமாஸ்தாவுக்கு அப்படியில்லை. இதை நிரூபிக்காவிட்டால் சதவீதத்துக்கு 3,000 அல்லது 5,000 என்று பெருக்கி முடித்துவிடுவார்கள். 40 சதவீதத்துக்கு 2 லட்சம், அவ்வளவுதான். பெருக்கி முறைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் சிகிச்சை தந்த மருத்துவரோ போர்டு மருத்துவரோ கூண்டுக்கு வர வேண்டும்.

அவரிடம் "இவரால் வேலை செய்ய முடியுமா?" என்று கேட்காதீர்கள். "செய்யலாம், சிரமத்தோடு" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது? சப்பணமிட்டு உட்கார முடியுமா? சாரத்தில் ஏற முடியுமா? லாரியின் கிளட்சை நாளெல்லாம் மிதிக்க முடியுமா? தலையில் எவ்வளவு பாரம் தூக்கலாம்? ஒவ்வொன்றுக்கும் "முடியாது" என்று பதிவானால், பிழைப்பிழப்பு என்ற முடிவுக்கு நீதிபதி தானாகவே வருவார். எக்ஸ்ரே படத்தை மறக்காமல் சான்றாவணமாகக் குறியீடு செய்யுங்கள். அறிக்கை மட்டும் போதாது. உள்ளே வைத்த பிளேட்டை எடுக்கும் செலவுக்கு மருத்துவமனையின் மதிப்பீடும் வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலோ "நம்மைக் காக்கும் 48" திட்டத்திலோ சிகிச்சை நடந்திருந்தால் பெரிய பில் இருக்காது. அதனால் மருத்துவச் செலவுத் தலைப்பு சிறுத்துப்போகும். உதவியாளர் கூலி, போக்குவரத்து, சத்துணவு, வருமானமில்லாத மாதங்கள் ஆகியவற்றை அதற்கேற்ப விரிவாக நிரூபிக்க வேண்டும். பக்கவாதமோ மூளைச் சேதமோ வந்து படுத்தவருக்கு உதவியாளர் கூலியையும் பெருக்கி வைத்தே கணக்கிட வேண்டும் என்கிறது காஜல் தீர்ப்பு (2020). மனுவில் கேட்ட தொகையைவிடக் கூடுதலாகவும் தீர்ப்பாயம் தரலாம், நாகப்பா (2003). ஆனாலும் பத்து லட்சம் என்று குறைத்துக் கேட்டுவிட்டு லோக் அதாலத்தில் போய் உட்கார்ந்தால், நிறுவனத்தின் அதிகாரி அந்தப் பத்திலிருந்துதான் பேரம் தொடங்குவார்.

ஹெல்மெட் இல்லை, மூன்று பேர் ஏறினார்கள் என்று சொல்லி, அடிபட்டவருக்கும் தவறில் பங்குண்டு (பங்குத் தவறு) என இழப்பீட்டில் கழிக்கப் பார்ப்பார்கள். மூன்று பேர் ஏறியது மட்டுமே பங்குத் தவறாகாது, அதற்கும் விபத்துக்கும் தொடர்பு காட்ட வேண்டும் என்று முகமது சித்திக் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மார்பில் அடிபட்டு இறந்தவருக்கு ஹெல்மெட் இல்லையென்று கழித்தால் கேள்வி கேளுங்கள்.

ஆஸ்பத்திரி மீது வழக்கு

விபத்து வழக்கில் கைதேர்ந்தவர்கள் இங்கே சறுக்குவது, கெட்ட முடிவையும் அலட்சியத்தையும் ஒன்றாக நினைப்பதால். நோயாளி இறந்தார் என்பது வழக்கில்லை. அந்தத் தகுதியுள்ள சராசரி மருத்துவர் ஒருவர் செய்திருக்க மாட்டாத ஒன்றைச் செய்தாரா, செய்ய வேண்டியதை விட்டாரா, அதனால்தான் சேதம் வந்ததா என்ற மூன்றில், முதலிரண்டில் ஒன்றையும் மூன்றாவதையும் காட்ட வேண்டும். மூன்றாவதில்தான் பெரும்பாலான வழக்குகள் தோற்கின்றன. வருகிற பத்துக் குடும்பத்தில் எட்டுக் குடும்பத்தைத் திருப்பியனுப்பத் தெரியாதவர் இந்த வழக்குகளைத் தொடாமலிருப்பது நல்லது என்பேன்.

எடுக்கத் தகுந்தவை தெளிவாகவே இருக்கும்: வயிற்றுக்குள் விட்டுவிட்ட பஞ்சு, தவறான பக்கத்தில் அறுவை, மயக்க மருந்து நிபுணர் இல்லாமல் அறுவை, நாடித்துடிப்பு ஏறி ரத்த அழுத்தம் விழுவதை நர்ஸ் மணிக்கு மணி எழுதியும் மருத்துவர் வராத இரவு, ஐ.சி.யூ. இல்லாத இடத்தில் கடைசி நேரம்வரை வைத்திருந்து பிறகு அனுப்பியது. ஒப்புதல் ஒன்றுக்கு வாங்கிவிட்டு வேறு அறுவை செய்வதும் தவறுதான். சமீரா கோலி தீர்ப்பு (2008) பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்கு ஆகாது என்கிறது.

மரணமென்றால் முதல் சில மணி நேரம் முக்கியம். சந்தேகம் இருந்தால் போலீசில் புகார் தந்து அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை கேட்க வேண்டும். அறுக்க வேண்டாமென்று குடும்பம் உடலை வாங்கிப்போய் எரித்துவிட்டால், இறப்புக்கான காரணத்தை ஆஸ்பத்திரி எழுதிய சான்றிதழே தீர்மானிக்கும். அழுதுகொண்டிருப்பவர்களிடம் இதைப் போனில் சொல்வது கஷ்டம். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிறகு ஆவணம். நோயாளியோ வாரிசோ எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை. நேரில் கேட்டால் "எம்.ஆர்.டி.யில் (மருத்துவப் பதிவுப் பிரிவில்) ஆளில்லை" என்பார்கள், சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிக்கொண்டு திருப்தியடையாதீர்கள். வேண்டியது முழு கேஸ் ஷீட்: நர்ஸ் குறிப்புகள், வெப்பநிலை-நாடி அட்டவணை, உள்ளே போன வெளியே வந்த திரவக் கணக்கு, மருந்து அட்டவணை, அனஸ்தீஷியா சார்ட், ஒப்புதல் படிவங்கள், பிரசவமானால் குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு, ஸ்கேன் படங்கள் அடங்கிய சி.டி.

இவற்றை வைத்து மணிவாரியான ஒரு அட்டவணை போடுங்கள். இடது பத்தியில் மருத்துவர் எழுதியது, நடுவில் நர்ஸ் எழுதியது, வலதில் ஆய்வகமும் மருந்தகமும். மருத்துவரின் குறிப்பு எல்லாம் முடிந்தபின் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கலாம். ஆய்வக அறிக்கையில் இயந்திரம் அச்சிட்ட நேரம் இருக்கும். மருந்தக பில்லில் நிமிடம் வரை பதிவிருக்கும். இரவு 11 மணிக்கே அட்ரினலின் போட்டதாகக் குறிப்பில் இருந்து, அந்த மருந்தின் பில் 12.40க்கு விழுந்திருந்தால், மருந்து வார்டு இருப்பிலிருந்து எடுக்கப்பட்டதா என்பதை ஆஸ்பத்திரிதான் விளக்க வேண்டும். வழக்குக்கான கேள்விகள் இப்படித்தான் பிறக்கின்றன.

அட்டவணை தயாரானதும் அதே துறை மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். எழுத்தில் கருத்துத் தர யாரும் முன்வரமாட்டார்கள். அதே ஊரில் தொழில் செய்கிறவர் தரவே மாட்டார். வாய்வழியாகச் சொன்னாலும் போதும், வழக்கு நிற்குமா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் தீர்ப்பு (2010) சொல்கிறது. பஞ்சு விட்ட வழக்குக்கு அது போதும். மற்றவற்றில், அரசு மருத்துவக் கல்லூரி முதல்வரின் வழியாக நிபுணர் கருத்துப் பெற ஆணையத்திடமே மனுப் போடுங்கள். குழுவுக்கு அனுப்பும் கேள்விகளை நீங்களே எழுதித் தாக்கல் செய்யுங்கள். "அலட்சியம் உண்டா?" என்று மொட்டையாகக் கேட்டால் "இல்லை" என்று மொட்டையாகவே பதில் வரும்.

மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா தீர்ப்பு முடிவு செய்தது. இப்போதிருக்கும் 2019 சட்டப்படி இரண்டாண்டுக்குள் புகார் போட வேண்டும். எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததில்லை, கட்டிய கட்டணத்தைப் பொறுத்தது: 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். ஆஸ்பத்திரி பில் மூன்று லட்சமாக இருந்து ஒரு கோடி கேட்டாலும் மாவட்டத்திலேயே போடலாம், அதுவும் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்தில். ஐந்து லட்சம் வரையிலான கட்டணத்துக்கு ஆணையக் கட்டணமும் கிடையாது. எதிர்தரப்பு பதிலுரைக்கு 30 நாள், கூடினால் இன்னும் 15. அதற்குமேல் நீட்டிக்க முடியாது என்று 2020இல் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. 46ஆம் நாள் உங்கள் நாட்குறிப்பில் இருக்கட்டும்.

குறுக்கு விசாரணை இங்கே எழுத்துக் கேள்விகளாக நடக்கும். ஒரு கேள்விக்கு ஓர் உண்மை. "இரவு 2 மணிக்கு ரத்த அழுத்தம் 80/50 என்று நர்ஸ் எழுதியிருக்கிறாரா?" "2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் மருத்துவர் கையெழுத்து எங்கேனும் உண்டா?" ஏன் என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள், நிதானமாக யோசித்து ஒரு பக்கம் பதில் எழுதிக்கொடுக்க அவருக்கு வாய்ப்பாகிவிடும். எந்த டாக்டர், எந்த நர்ஸ் என்று தெரியாவிட்டால் ஆஸ்பத்திரியைச் சேர்த்தாலே போதும், சவிதா கார்க் (2004). தங்கள் ஆட்கள் சரியாக நடந்தார்கள் என்று காட்டும் பொறுப்பு அவர்களுடையது.

மிரட்டுவதற்காகக் கிரிமினல் புகார் கொடுக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. ஜேக்கப் மேத்யூ (2005) தீர்ப்புக்குப் பிறகு குற்ற வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் வேண்டும். அங்கே டாக்டர் விடுதலையானால் அந்தத் தீர்ப்பை ஆணையத்தில் கொண்டுவந்து காட்டுவார்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பணம் தராது. ஒழுங்கு நடவடிக்கை மட்டும்.

எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன என்பதால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு அல்லது உரிமையியல் வழக்குதான் வழி. ஆனால் எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனையில் 1996இல் 29 வாரத்தில் 1,250 கிராம் எடையோடு பிறந்த குழந்தையின் வழக்கு தேசிய ஆணையம் வழியாகவே போனது. குறைமாதக் குழந்தைக்குச் செய்ய வேண்டிய விழித்திரைப் பரிசோதனையைச் சொல்லாமல் விட்டதால் பார்வை போயிற்று. தேசிய ஆணையம் கொடுத்தது 5 லட்சம். 2015இல் உச்ச நீதிமன்றம் விலைவாசி உயர்வையும் சேர்த்து எதிர்காலச் செலவைக் கணக்கிட்டு 1.8 கோடியாக்கியது. எதிர்காலச் செலவை எப்படி நிரூபித்துக் கேட்க வேண்டும் என்பதற்காக அந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள்.

பணம்

ஜூனியருக்கு மாதம் 15,000 முதல் 20,000 வரை தர வேண்டும் என்று 2024இல் பார் கவுன்சில் சொல்லியிருந்தாலும், கிடைப்பது சீனியரைப் பொறுத்தது. சேரும்போது எவ்வளவு என்று கேட்பதோடு, எதிர்தரப்பு வேலையும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆஜராகும் அலுவலகத்தில் கொஞ்சகாலம் இருந்தவருக்கு, மனுதாரர் வழக்கில் ஓட்டை எங்கிருக்கும் என்று சட்டெனத் தெரியும்.

இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தவறு. சுனிதா வழக்கில் (2017) உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டித்திருக்கிறது. ஊரெங்கும் நடக்கிறது என்பதும் உண்மை. ஜி.எச். வாசலில் நிற்கும் புரோக்கர் கொண்டுவரும் கேஸில் அவருக்கொரு பங்கு, உங்களுக்கொரு பங்கு போக, கால் போனவருக்கு மிச்சம்தான் கிடைக்கும். மனு, சாட்சியம், தீர்ப்பு, பட்டுவாடா எனக் கட்டம்கட்டமாகத் தொகை பேசி ரசீது கொடுத்து வாங்குவதற்குக் கட்சிக்காரர்கள் மறுப்பதில்லை. முன்பணமே தர முடியாதவருக்குச் சட்டப்பணி ஆணைக்குழு இருக்கிறது. கட்சிக்காரரின் பாஸ்புக்கையோ கையெழுத்திட்ட வெற்றுச் செலானையோ உங்கள் அலமாரியில் வைத்திருக்காதீர்கள்.

தீர்ப்பு வந்தபின்னும் வேலை இருக்கிறது. பொதுவாக 7.5 சதவீத வட்டியோடு நிறுவனம் பணத்தை டெபாசிட் செய்யும். பட்டுவாடா மனு போட்டு, மேஜர்களின் பங்கை அவர்கள் வங்கிக் கணக்குக்கே மாற்ற வேண்டும். மைனர் பங்கு தேசிய வங்கியில் நிரந்தர வைப்பாக நிற்கும். பள்ளிக் கட்டணத்துக்கு வட்டியை எடுக்க உத்தரவிலேயே அனுமதி கேட்டுவிட்டால் தாய் மறுபடி கோர்ட் ஏற வேண்டாம். மேல்முறையீடு 90 நாளுக்குள், உயர் நீதிமன்றத்தில் சி.எம்.ஏ. (உரிமையியல் பல்வகை மேல்முறையீடு). தொகை குறைவென்றால் நீங்களும் போடலாம், நிறுவனம் போடும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

எதிர்மனுதாரர் அரசுப் போக்குவரத்துக் கழகம் என்றால் கதை வேறு. அவர்களுடைய பேருந்துகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் இருக்காது. சட்டம் விலக்குத் தருகிறது, கழகமே கொடுக்க வேண்டும். கெடு முடிந்தும் பணம் வராமல் நிறைவேற்று மனு போட வேண்டிவரும். அதில் ஜப்தி கேட்கும் பேருந்தின் பதிவெண், அது ஓடும் தடம், பணிமனை, நிலையத்துக்கு வரும் நேரம் ஆகியவற்றை முன்கூட்டியே குமாஸ்தாவை அனுப்பிக் குறித்து வையுங்கள். அமீனா (ஜப்தி செய்யும் நீதிமன்ற ஊழியர்) வாரண்டோடு வந்து நிற்கிற நாளில் அந்த வண்டி எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போயிருந்தால், இன்னொரு எண்ணுக்காக மறுபடி மனுப் போட்டு அடுத்த வாய்தாவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் இரண்டு மூன்று பேருந்து எண்களை அட்டவணையில் சேர்த்தே கேளுங்கள்.